கூடத்தில் நெல்

தமிழில் மழை ஏராளமாகப் பெய்திருக்கிறது. புதுக்கவிதைத் தொகுப்பு எதைப் பிரித்தாலும் நாலைந்து பக்கத்துக்குள் ஒரு மழை வந்துவிடும். மழை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒரு மனம். மழை விட்ட பிறகு இலை நுனியில் தங்கிவிட்ட ஒரு துளி. இந்தத் துளிக்கு நம் கவிஞர்கள் காட்டி வந்திருக்கும் மரியாதையில் எனக்கும் பங்கு உண்டு. கல்லூரி நாட்களில் நானும் இரண்டு துளிகளை எழுதி அச்சில் பார்த்தவன்தான். ஆனால், தை பிற்பாதியில், சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கிற சமயத்தில், ஒரத்தநாட்டுப் பக்கத்து வீடு ஒன்றில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை மழை பெய்தால் அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு நவீன எழுத்தில் ஒரு பக்கம் தேடிப் பார்த்தேன். என் வாசிப்புக்கு எட்டியவரை அகப்படவில்லை. இதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. எழுதப்படாததற்கெல்லாம் ஜாபிதா போடுவது விமர்சகனின் வேலை இல்லை. ஏன் அகப்படவில்லை என்று யோசித்துக்கொண்டு போனபோது நமது நவீனத்துவத்தின் ஒரு கோணல் கண்ணில் பட்டது. அதைச் சொல்லத்தான் இது.

2023 பிப்ரவரி முதல் வாரத்தில், வங்கக் கடலில் உருவாகி இலங்கையில் கரையேறிய காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று டெல்டா முழுக்க மழையைக் கொண்டுவந்து கொட்டியது. பருவமழை தன் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்ட பிறகு வந்த மழை. இரண்டு வருஷம் முன்பு, 2021 ஜனவரியிலும் இதே கதைதான். பொங்கல் பானையை மழைக்கு மறைத்து வைத்த வருஷம் அது. 2023இல் அந்த மழையில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். அப்பா தனியாகச் சமாளிக்க முடியாது என்று அம்மா போன் செய்ததால் போட்ட லீவு. போகிற பையில் பத்துப்பாட்டு உரைநூலைப் போட்டுக்கொண்டு போனேன். இலக்கியவாதியின் கெட்ட பழக்கம். வீட்டில் துக்கமே ஆனாலும் பையில் ஒரு புஸ்தகம் இருக்கும்.

தொல்காப்பியர் திணைகளுக்குப் பொழுது பிரித்துக் கொடுத்தபோது முல்லைக்குக் கார்காலத்தைக் கொடுத்தார். குறிஞ்சிக்குக் கூதிர், கூடவே முன்பனி. பாலைக்கு வேனில், கூடவே பின்பனி. மருதத்துக்கு அவர் கொடுத்தது வைகறையும் விடியலும்தான். ஒரு நாளின் ஒரு மூலை. வருஷத்தில் எந்தப் பருவமும் மருதத்துக்கு என்று தனியாகச் சொல்லப்படவில்லை. பிற்காலத்தில் நம்பியகப்பொருள் ஆறு பருவமும் உரியவை என்று சொல்லி இடைவெளியை அடைத்தது. எல்லாப் பருவமும் உனக்குத்தான் என்று சொல்வதும் எதுவும் உனக்கென்று இல்லை என்று சொல்வதும் கவிதையின் கணக்கில் ஒன்றேதான். நெல் விளைகிற நிலத்துக்குப் பருவம் இல்லை என்பது எவ்வளவு விநோதமான சங்கதி! விதைப்பும் நடவும் அறுப்பும் பருவத்தைத் தவிர வேறெதையும் நம்பி நடப்பதில்லை. ஆனால் மருதக் கவிதை பரத்தை வீட்டிலிருந்து விடியலில் திரும்பி வருகிறவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எருமை வாயில் ஆம்பலைப் பார்த்தது. வயலை அது பார்க்கிறபோதெல்லாம் வயல் ஓர் உள்ளுறையாக ஆகிவிட்டது.

தை மாசிக்கு வீட்டைச் சொன்னவர் கொன்றைவேந்தன் ஔவைதான். அந்த இரண்டு மாதமும் வைக்கோல் வேய்ந்த வீட்டுக்குள் உறங்கு என்கிறார். ‘வை’ என்றால் வைக்கோல். பள்ளிக்கூடத்தில் இதை ஒப்பித்த நாளில் ‘வையகம்’ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் தூங்கு என்று எதற்காக ஒருத்தர் புத்தி சொல்லவேண்டும் என்று வாத்தியாரைக் கேட்கத் தைரியம் வரவில்லை. பின்னால் பொருள் தெரிந்தபோது, சிறுகுழந்தைகளுக்கான அந்த நூலில் இவ்வளவு ஸ்தூலமான ஒரு கூரை இருந்திருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டேன். வைக்கோல் கூரைக்குக் கீழே தூங்க வேண்டுமானால் வைக்கோல் காய்ந்திருக்க வேண்டும். அறுவடை முடிந்து போர் போட்டிருக்க வேண்டும். ஔவையின் அந்தத் தூக்கம் மழை பெய்யாத தைக்கான தூக்கம்.

இனி நவீனத்துக்கு வரலாம். சங்க நூல்களை நமக்கு மீட்டுத் தந்த உ.வே.சா. பத்துப்பாட்டைப் பதிப்பித்தது 1889இல், கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது. அதற்குப் பிந்தைய தலைமுறையில் அதே கும்பகோணத்தை ஒட்டித்தான் நமது சிறுகதையின் பெரும்பகுதி பிறந்தது. பிச்சமூர்த்தி, கு.ப.ரா., மௌனி, கரிச்சான் குஞ்சு, எம்.வி. வெங்கட்ராம், தி. ஜானகிராமன் என்று பெயர்களை அடுக்கினாலே காவிரி மணக்கிறது என்பார்கள். ஆனால் கு.ப.ரா.வின் ‘விடியுமா?’ ரயிலில் நடக்கிறது. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ ரயிலில் நடக்கிறது. காவேரிக்கரையின் மிகச் சிறந்த கதைகளில் இரண்டு, கரையை விட்டுக் கிளம்பிவிட்ட வண்டியில் நிகழ்கின்றன! இதைப் பரிகாசமாகச் சொல்லவில்லை. ஜானகிராமன் ரேடியோ உத்தியோகத்தில் டெல்லியில் இருந்த வருஷங்களிலும் மனசு தஞ்சாவூரில் இருந்தது. தூரத்தில் இருக்கிறவனின் ஞாபகம் ஒரு விசேஷமான சல்லடை. படித்துறையும், வெயில் விழுந்த திண்ணையும், தூக்கலான பேச்சும், சங்கீதமும் அதில் தங்கிவிடுகின்றன. கொடியில் மூன்று நாளாகக் காயாத பாவாடையும், நமத்துப்போன தீப்பெட்டியும், கழுநீர்த் தொட்டி நிரம்பி முற்றத்தில் வழிவதும் சல்லடையில் நிற்பதில்லை. ஞாபகம் வெளிச்சமான நாளைத்தான் சேமிக்கிறது. ஊரோடேயே தங்கியவர் வெங்கட்ராம். அவருடைய ‘காதுகள்’ (1992) நாவலில் வீட்டுக்குள் இருக்கிற மனிதனின் காதுக்குள்ளேயே ஊர் முழுக்க நுழைந்து கூச்சல் போடுகிறது. அசாதாரணமான படைப்பு. ஆனாலும் அங்கே வீடு என்பது மண்டை ஓடுதான். கூரைக்கு மேலே வானம் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு இடமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரத்தநாடு அந்தக் காவேரிக்கரை அல்ல. சரபோஜி காலத்து முத்தாம்பாள் சத்திரத்தால் பெயர் பெற்ற ஊர் இது. 1934இல் முடிந்த மேட்டூர்த் திட்டத்தோடு வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாயில்தான் எங்கள் பக்கத்து வயல்களுக்குக் காவிரி வந்தது. இன்றைக்கும் வயசானவர்கள் அதைப் ‘புது ஆறு’ என்பார்கள். பழைய டெல்டாவுக்கு நதி தெய்வம். எங்களுக்கு மதகும் முறைப்பாசனமும். நதியோடு இவ்வளவு குறுகிய உறவு உள்ள ஊருக்கு இலக்கியத்தில் படித்துறை கிடையாது என்றால் அதில் நியாயம் இருக்கிறது. தஞ்சை ப்ரகாஷ், இடையிருப்பிலிருந்து எழுதிய சி.எம். முத்து போன்றவர்கள் அக்ரஹாரத்துக்கு வெளியே இருந்த வீடுகளைத் திறந்தார்கள். பேச்சும் சண்டையும் சாப்பாடும் அங்கே வந்து சேர்ந்தன. நான் கேட்கிற மழை நாள் மட்டும் அங்கேயும் வரவில்லை.

கவிதையில் நடந்தது வேறு. 1959இல் ‘எழுத்து’ வந்த பிறகு நமது கவிதைக்கு ஓர் அறை கிடைத்தது. அதற்கு முன்னால் அது மேடையிலும் கோயிலிலும் இருந்தது. அறை கிடைத்தது பெரிய லாபம், சந்தேகமில்லை. தனி மனிதனின் குரல் என்று ஒன்று தமிழில் முதல் முறையாகத் தணிந்து பேசியது. ஆனால் அறையோடு ஜன்னலும் வந்துவிட்டது. ஜன்னல் எப்போதும் பட்டணத்து வாடகை வீட்டின் சாமான். டெல்டாவின் பழைய வீட்டில் மழையை ஜன்னல் வழியாக யாரும் பார்ப்பதில்லை. அது முற்றத்தில், வீட்டின் நடு வயிற்றில் விழும். தாழ்வாரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் இலையில் சாரல் அடிக்கும். முற்றத்துக்குள் விழுகிற மழையைப் படிமமாக்குவது கஷ்டம், ஏனென்றால் அதை யாராவது துடைத்தாக வேண்டும். ஐரோப்பிய நவீனத்துவமும் நமக்கு இங்கே உதவவில்லை. ஒரே ஒரு நாளை நாவலாக்கலாம் என்று ஜாய்ஸ் (1922) காட்டினார், வர்ஜீனியா வுல்ஃப் (1925) காட்டினார். இரண்டுமே ஜூன் மாதத்து நாட்கள். இரண்டிலும் நகரம், இரண்டிலும் நடை. வீட்டுக்குள் அடைபட்ட நாளை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அடைபட்ட நாளை எடுத்துக்கொண்ட பழைய கவிகள் இருவர் எனக்குத் தெரியும். ஒருவர் வெர்ஜில். ‘ஜார்ஜிக்ஸ்’ முதல் புத்தகத்தில், குளிர்ந்த மழை விவசாயியை வீட்டில் நிறுத்திவிட்டால் அவன் என்னென்ன செய்யலாம் என்று ஒரு பட்டியல் தருகிறார். மழுங்கிய கொழுவைத் தட்டித் தீட்டலாம். மரத்தைக் குடைந்து தொட்டி செய்யலாம். ஆட்டுக்குக் குறி போடலாம். தானியக் குவியலுக்கு எண் போடலாம். கழி சீவலாம், கூடை முடையலாம், தானியத்தை வறுத்துத் திரிக்கலாம். வெயில் நாளில் அவசர அவசரமாகச் செய்ய வேண்டியதை மழை நிதானமாகச் செய்ய விடுகிறது என்பது அவர் எண்ணம். படிக்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. அதே முதல் புத்தகத்தில் கொஞ்ச தூரம் தள்ளி, அறுவடைக்கு ஆள் இறக்குகிற நேரத்தில் புயல் வந்து விளைந்த பயிரை வேரோடு பெயர்த்து வீசுவதையும் அவர் சொல்கிறார். அது வயலில், இது வீட்டில். இரண்டு மழைகள், இரண்டு பத்திகள். தொட்டி குடைந்துகொண்டிருக்கிறவன் அந்தப் புயலைக் கேட்பதில்லை.

மற்றவர் நக்கீரர். நெடுநல்வாடை நூற்றெண்பத்தெட்டு அடி. அதில் போர்ப் பாசறையும் அரண்மனையும் வருவதற்கு முன்னால் கிட்டத்தட்ட எழுபது அடி ஓர் ஊரின் மழை நாளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. எதுவுமே நடக்காத நாள். கோவலர்கள் வெள்ளத்தை வெறுத்து மாட்டை வேறு நிலத்துக்கு ஓட்டிப்போய், தங்கள் இடத்தை விட்டு வந்த வருத்தத்தோடு நெருப்பில் கை காய்ச்சி நடுங்குகிறார்கள். கறவை தன் கன்றை உதைத்துத் தள்ளுகிறது. புறாவுக்குப் பகலும் இரவும் பிடிபடவில்லை. இரை தேடப் போகாமல் மாடத்திலேயே செயலற்று, கால் மாற்றி மாற்றி நிற்கிறது. சூரியன் தெரியாததால் பெண்கள் பிச்சி மொட்டு விரிகிற வாசனையை வைத்துச் சாயங்காலம் ஆகிவிட்டது என்று கண்டுபிடித்து விளக்கேற்றுகிறார்கள். இதைப் போல ஒரு கடிகாரம் வேறெந்தக் கவிதையில் இருக்கிறது?

நான் இங்கே நிற்க விரும்புவது வேறொன்றில். நக்கீரர் வீட்டுக்குள் போனதும், புழங்காமல் கிடக்கிற பொருள்களின் வழியாக வீட்டைக் காட்டுகிறார். சந்தனம் அரைக்கிற வட்டக்கல் சும்மா கிடக்கிறது. குறுகின வாய்ப் பாத்திரத்துத் தண்ணீரை யாரும் தொடுவதில்லை. அகன்ற வாய்த் தூபமுட்டியின் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். தென்றல் வருவதற்கென்று மேல்மாடியில் வைத்த கதவு தாழிட்டுக் கிடக்கிறது. கைதேர்ந்தவன் செய்த அழகான விசிறி சுருக்கி மாட்டப்பட்டு, அதில் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. குளிர் என்ற வார்த்தையைச் சொல்லிச் சொல்லிக் குளிரை உண்டாக்குகிறவர்கள் இந்தச் சிலந்தியை ஒரு தரம் பார்க்க வேண்டும். விசிறி எத்தனை நாளாக அசையவில்லை என்பதை ஒரு நூல் சொல்லிவிடுகிறது. உவமை இல்லை, உணர்ச்சிச் சொல் இல்லை. நமது ‘படிமம்’ பற்றிய சர்ச்சைகளில் எஸ்ரா பவுண்ட் இழுபட்ட அளவுக்கு நக்கீரர் இழுபட்டிருந்தால் கொஞ்சம் காகிதம் மிச்சமாகியிருக்கும்.

இதை மத்தியானம் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வயலில் நெற்கதிர் வெளிவருகிற பருவத்தில் மழைக்கு வளைந்து கிடப்பதாக ஓர் இடம் வருகிறது. உரையைப் பார்த்துப் பொருள் சொன்னேன்.

“என்ன மாசம்னு போட்டிருக்கு?” என்றார்.

கூதிர், ஐப்பசி கார்த்திகை என்றேன்.

“அப்ப சரி. வர்ற கதிரு மணி பாரத்துல வளையாது தம்பி, தண்ணி பாரத்துல சாயும். அவரு பாத்திருக்காரு. பூ எடுக்கையில புடிச்சுக்கிட்டாத்தான் பதராப் போவும். அதுக்கு முன்னால பேஞ்சா ஒண்ணும் இல்ல.” கொஞ்ச நேரம் கழித்து, “தையில பேஞ்சதா ஒண்ணும் எழுதலயா?” என்று கேட்டார்.

எழுதவில்லை. நான் இத்தனை வருஷமாக அந்த வரியைக் கதிர் முற்றித் தலை சாய்ந்திருக்கிறது, வளப்பம், மங்கலம் என்று வாசித்துக்கொண்டிருந்தவன். பரீட்சைக்கும் அப்படியே எழுதியிருப்பேன். கதிரை வளைத்தது நெல் அல்ல, நீர் என்பது ஒரு வாசிப்பு. அதைச் சொல்ல ஐம்பது வருஷம் வயலில் நின்றிருக்க வேண்டியிருக்கிறது. அதோடு இன்னொன்றும் புரிந்தது. நெடுநல்வாடையின் வீட்டில் அந்த நிம்மதியான செயலின்மை சாத்தியமானது, மழை தன் மாதத்தில் பெய்ததால்தான். விசிறியில் சிலந்தி கட்டும்படி விட்டுவிட முடிந்தது, வயலில் எதுவும் கெட்டுப்போகாததால். (அது வசதியான வீடு என்பதும் உண்மைதான். கஸ்தூரி அரைக்க வேலையாட்கள் இருக்கிறார்கள். அதை வைத்து நக்கீரரைக் குற்றக் கூண்டில் ஏற்றுகிற விமர்சனம் எனக்கு உவப்பானதல்ல. கை காய்ச்சுகிற கோவலரை முதலில் காட்டிவிட்டுத்தான் அவர் மாடிக்கு ஏறுகிறார்.)

அப்பா அதைக் கேட்டுக்கொண்டிருந்த இடத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் கூடத்தில் உட்காரவில்லை. கூடத்தில் இடமில்லை. மழைக்கு முந்தின நாள் அறுத்த மூன்று மா சம்பாவில் தார்ப்பாய் ஒழுகி நனைந்துபோன ஏழெட்டு மூட்டையைக் கூடத்திலும், மூலை அறையிலும் கொட்டிப் பரப்பியிருந்தது. மேலே இரண்டு மின்விசிறியும் ஐந்தில். விடிகாலையிலிருந்து நிறுத்தவில்லை. வெளியே வாடை, உள்ளே விசிறி. அம்மா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மணிக்கு ஒரு தரம் காலால் நெல்லைத் துழாவிவிட்டுக்கொண்டிருந்தாள். என் மகளுக்கு ஸ்வெட்டர் போட்டு சமையலறையில் அடுப்புப் பக்கம் உட்கார வைத்திருந்தோம். ஈர நெல்லுக்கு ஒரு புளித்த வாடை உண்டு. வீடு முழுக்க அதுதான். மழைக்காலத்தின் மண்வாசனை என்று எழுதுகிற நண்பர்களுக்கு ஒரு கைப்பிடி அனுப்பலாம் என்று தோன்றியது.

அறுக்காத பாக்கி வயல் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. நாலு நாள் அப்படிக் கிடந்தால் கதிரிலேயே முளை விட்டுவிடும். தண்ணீர் வடிந்தாலும் டயர் மிஷின் இறங்காது. பெல்ட் மிஷின் வர வேண்டும், அதற்கு வாடகை அதிகம், வரிசையும் அதிகம். அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் மெழுகுப் பதத்தில் தெளித்த உளுந்து போனது போனதுதான். எல்லாவற்றையும் தாண்டிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழை பெய்கிற வருஷங்களில் 22 வரை தளர்த்தச் சொல்லி மாநிலம் கேட்பதும், மத்தியக் குழு வந்து நெல்லை அள்ளிப் பார்ப்பதும் இப்போது ஏறக்குறைய ஒரு பருவச் சடங்கு. மீட்டரில் நெல்லைப் போடுகிற பையன் நல்லவன்தான். எண் அவன் கையில் இல்லை.

பதினேழு. நெடுநல்வாடையில் இந்த எண்ணின் இடத்தில் ஒரு வேப்பிலை இருக்கிறது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தப் பாட்டு அகமா புறமா என்பது பழைய வழக்கு. பிரிந்திருக்கிற தலைவி, பாசறையில் தலைவன். பொருள் முழுக்க அகம். ஆனால் இரவில் அடிபட்ட வீரர்களைப் பார்க்க அரசன் வருகிறபோது முன்னால் போகிறவன் பிடித்திருக்கும் வேலின் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளம். அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டக்கூடாது என்பது விதி. வேம்பைச் சொன்னது பெயரைச் சொன்னதற்குச் சமம். எனவே இது புறம் என்றார் நச்சினார்க்கினியர். பாண்டியன் நெடுஞ்செழியன்மேல் பாடியது என்று கொண்டார். (அவன் வென்ற தலையாலங்கானம் இன்றைய திருவாரூர் மாவட்டத்துத் தலையாலங்காடு என்பார்கள். அந்தப் போரே நம் நெல்வயல்களில் நடந்ததுதான் போலும்.) ஒரு இலைக்காக ஒரு முழுப் பாட்டைத் திணை மாற்றிவிட்டாரே என்று இதை வெறும் பண்டிதச் சச்சரவாக நான் நினைத்து வந்திருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கூடத்தின் ஓரத்தில் நின்றபோது நச்சினார்க்கினியர் எதைக் கண்டு தயங்கினார் என்பது எனக்கு வேறு மாதிரி விளங்கியது. வீட்டுக்குள் நடக்கிற எல்லாமும் வீட்டுக்குள்ளேயேதான் நடக்கிறது. குழந்தை அடுப்புப் பக்கம் போனது, அம்மா துண்டு கட்டிக்கொண்டது, அப்பா சாப்பாட்டில் பாதியில் எழுந்து போய் நெல்லை அள்ளிப் பார்த்தது. ஆனால் வெளியிலிருந்து வந்த ஒற்றை அடையாளம், ஒரு இலை அல்லது ஒரு எண், அத்தனையையும் புறமாக்கிவிடுகிறது. அதே சமயம் அகமாக இருப்பதும் நின்றுவிடுவதில்லை. பாட்டின் பலமே உரைகாரரால் தீர்க்க முடியாமல் போன அந்தச் சிக்கலில் இருக்கிறது.

நமது நவீனத்துவம் இந்தச் சிக்கலை இரண்டாக வெட்டித் தீர்த்துக்கொண்டது. வீட்டை எடுத்தவர்கள் அதை மனமாக மட்டும் எடுத்தார்கள். வெளியை எடுத்தவர்கள் அதைச் செய்தியாகவும் கோஷமாகவும் எடுத்தார்கள். வெர்ஜிலின் இரண்டு பத்திகள் மாதிரி. டெல்டாவில் தை மழை நாள் இந்த இரண்டு பத்திக்கும் நடுவில் விழுகிறது. ஆகவே அதை எழுத ஆள் இல்லை.

இந்த வெட்டுக்கு நானும் கத்தி எடுத்துக் கொடுத்திருக்கிறேன் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் யோக்கியமாக இருக்காது. சில வருஷம் முன்பு ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். கவிஞர் பெயர் வேண்டாம். அவர் எங்கள் ஜில்லாக்காரர், அறியப்படாதவர், அந்த மதிப்புரைக்குப் பிறகு இன்னும் அறியப்படாதவர். அதில் ஈரப்பதம் பார்க்கிற மீட்டரைப் பற்றி ஒரு கவிதை இருந்தது. இது தினசரியின் மூன்றாம் பக்கத்தில் இருக்க வேண்டிய விஷயம், கவித்துவத்தின் தளத்துக்கு உயரவில்லை என்று நான் இரண்டு வாக்கியத்தில் அதைத் தள்ளிவிட்டேன். ‘தளம்’, ‘உயர்வது’ என்றெல்லாம் எழுதுகிறபோது கை எவ்வளவு சுலபமாக ஓடுகிறது!

அந்தத் தொகுப்பை அன்று சாயங்காலம் தேடி எடுத்து மறுபடியும் படித்தேன். கவிதை சுமாரானதுதான். அந்த அபிப்ராயத்தை மாற்றிக்கொள்ள வழியில்லை. ஆனால் நான் சொன்ன காரணம் தப்பு. மீட்டர் உள்ளே வந்ததால் அது கெடவில்லை. மீட்டர் வந்து நின்ற ஆறாவது வரிவரைக்கும் கவிதை உயிரோடு இருக்கிறது. எண்ணைப் பார்க்கிறவன் முகத்தைச் சொல்லாமல் அவன் சாக்கின் வாயைத் திரும்பக் கட்டுவதைச் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல்தான் கவிஞர் பயந்துவிட்டார். இது போதாது என்று நினைத்து, விவசாயியின் கண்ணீர், தேசம், பசி என்று பெரிய வார்த்தைகளைக் கூப்பிட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஏன் பயந்தார்? மீட்டரும் சாக்கும் மட்டும் இருந்தால் கவிதை என்று ஒத்துக்கொள்ள மாட்டார்களே என்ற பயம். ஒத்துக்கொள்ளாதவர்களில் ஒருவன் நான். நக்கீரர் சிலந்தி நூலோடு நிறுத்திக்கொள்ள முடிந்தது. தன் வாசகன் விசிறியைப் பார்த்துக் குளிரைத் தெரிந்துகொள்வான் என்ற தெம்பு அவருக்கு இருந்தது. எங்கள் கவிஞருக்கு அந்தத் தெம்பைக் கொடுக்க வேண்டிய இடத்தில் இருந்த நாங்கள் கொடுக்கவில்லை. அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன், மழை முடிந்த வாரத்தில். பதில் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்கவும் நியாயம் இல்லை.

சாயங்காலம் ஆறு மணி வாக்கில் கரண்ட் போனது. விசிறி சுற்றிச் சுற்றி மெதுவாகி நின்றபோது வீட்டில் எல்லாரும், சமையலறையிலிருந்து என் மனைவிகூட, கூடத்துக்கு வந்து மேலே பார்த்தோம். யாரும் விளக்கேற்றவில்லை. இறக்கைகளின் ஓரத்தில் கறுப்பாக அழுக்கு படிந்திருந்தது, சிலந்தி நூல் இல்லை. அப்பா செல்போன் வெளிச்சத்தில் குனிந்து ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். காய்ந்த நெல்லாக இருந்தால் சத்தம் கேட்கும். கேட்கிறதா என்று நாங்கள் நின்றோம். ஏழே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. அம்மா மறுபடியும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரோரத்திலிருந்து நெல்லைத் துழாவிக்கொண்டு வந்தாள்.